பெட்டியை விற்பதற்கு முன் மூன்று கோரை நிறுத்திப் பாருங்கள்

“மாமா, சவம் ஓடவே மாட்டேங்கு. பேசாம வித்துட்டுப் புதுசு வாங்கிரட்டுமா?”

அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தபோது சித்திரை பாதி கடந்திருந்தது. அவன் சவம் என்று சொன்னது தன்னுடைய கம்ப்யூட்டரை. 2018-இல் நானும் அவனும் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். இன்டெல் ஐ5-8400, ஆறு கோர் (சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), எட்டு ஜிபி ரேம் (நினைவகம்) இரண்டு. எங்கள் பக்கம் பெட்டி முழுவதையுமே சிபியு என்றுதான் சொல்லுவோம். இங்கே குழப்பம் வேண்டாம் என்று பெட்டியைப் பெட்டி என்றும் உள்ளே இருக்கும் சில்லைப் பிராசசர் என்றும் எழுதுகிறேன்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே வேலைதான். நாங்கள் தொடாத நேரமெல்லாம் பிரைம்95 ஓடும். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்கான மென்பொருள் அது. 2-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண்தானா என்று பார்ப்பதுதான் வேலை. அடுக்கு 7 என்றால் எண் 127. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும்: 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். ஐந்தே வரி, பள்ளிக்கூட நோட்டில் போட்டுவிடலாம். இன்று வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் செய்வது இதற்கு அண்ணன் தம்பி முறையான இன்னொரு சோதனை. ஆனாலும் வர்க்கமும் மீதியும்தான் அங்கேயும் வேலை. அடுக்கு 11 கோடி என்றால் இந்த வரியை 11 கோடி தடவை எழுத வேண்டும், ஒவ்வொரு வரியிலும் 3 கோடியே 31 லட்சம் இலக்கம் இருக்கும்.

ஒரு வரிக்கு எத்தனை மில்லி நொடி ஆகிறது என்பதை மென்பொருளே திரையில் காட்டும். இரண்டு பெட்டியும் நன்றாக இருந்த நாளில் அது 7.6-ஐ ஒட்டி இருந்தது. அந்த வேகத்தில் 11 கோடி வரி முடிய ஒன்பதே முக்கால் நாள் பிடிக்கும். மருமகன் போன் செய்த அன்று அவனுடைய திரையில் 11.4 ஓடிக்கொண்டிருந்தது. அதாவது பதினாலரை நாள்.

அவனுக்கு முந்திய வருடம் எனக்கும் இதே கதை நடந்தது. அறிகுறி ஒன்றுதான், நோய் வேறு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

பாளையங்கோட்டையில் என் அறைக்கு மேலே மொட்டை மாடி. ஆனி ஆடிக் காற்றில் வருகிற மண் எல்லாம் பெட்டிக்குள்தான் குடியேறும். தூசி தட்ட ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஓட்டினால் பிராசசர் சூடு 70 டிகிரி, முன்னைவிடக் குளுகுளு. வரிக்கு ஆகிற நேரம் மட்டும் 7.6-லிருந்து 13.1-க்கு ஏறி நிற்கிறது. திரும்பப் போய்க் கேட்டேன். “அண்ணாச்சி, பொட்டி பழசாயிட்டுல்லா. எஸ்எஸ்டி ஒண்ணு போட்டாப் பறக்கும் பாருங்க” என்றார் அந்தத் தம்பி. பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க் அது. போட்டேன். விண்டோஸ் பதினைந்து நொடியில் திறந்தது. வரிக்கு ஆகிற நேரம் 13.1-லிருந்து இம்மியும் அசையவில்லை.

அசையாது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலை டிஸ்க்கைத் தொடுவது அரை மணிக்கு ஒரு தடவை, அதுவரை செய்த கணக்கைச் சேமிக்க மட்டும். மற்றபடி எல்லாம் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே நடக்கிற போக்குவரத்து. எஸ்எஸ்டி நல்ல பொருள். ஆனால் நாள்கணக்கில் ஓடும் கணக்கீட்டுக்கு அது மருந்தல்ல. அப்படி யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எனக்கு விடை கிடைத்தது, எது எவ்வளவு எடுக்கிறது என்று விண்டோஸ் காட்டும் டாஸ்க் மேனேஜரில், வேறு எதற்காகவோ நினைவகப் பக்கத்தைத் திறந்தபோது. 16 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று இருந்தது. தூசி தட்டும்போது ஒரு ரேமைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டியபோது முழுசாக உட்காரவில்லை. கம்ப்யூட்டர் ஒற்றை ரேமோடு சத்தம் போடாமல் திறந்து வேலை செய்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன். கிளிப் ஒன்று மட்டும் மயிரிழை அகலத்துக்கு மேலே நின்றது. ரேமை உருவி, தங்க நிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பெருவிரலையும் ஊன்றி அழுத்தினேன். ‘டக்’கென்று கிளிப் தானாக மூடியது. திரையில் 7.6. செலவு ஒன்றுமில்லை. எஸ்எஸ்டிக்குக் கொடுத்த காசைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். 11 கோடி அடுக்குக்கு மென்பொருள் வைத்துக்கொள்ளும் எண் வரிசை ஏறத்தாழ 48 எம்பி. இந்தப் பிராசசருக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சின்ன நினைவகமான கேஷ் 9 எம்பிதான். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அந்த 48 எம்பியை ரேமிலிருந்து எடுத்து, திரும்ப வைத்து, இன்னொரு சுற்றும் அப்படியே செய்ய வேண்டும். ஒரு வரிக்குச் சுமார் 190 எம்பி போய் வருகிறது. 2666 வேக டிடிஆர்4 ரேம் ஒன்று நொடிக்கு அதிகபட்சம் 21 ஜிபி தரும். வகுத்துப் பாருங்கள்: 9 மில்லி நொடி. எதிலும் தடங்கல் இல்லாத ஏட்டுக் கணக்கே 9 என்றால் நடைமுறையில் 13 வருவதில் ஆச்சரியமில்லை. ஒற்றை ரேமில் 7.6 வரவே வராது. இரண்டு ரேமும் தனித்தனிச் சேனலில் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதை) இருந்தால் வழி இரட்டிப்பு. 16 ஜிபி ஒன்றே ஒன்று போட்டிருப்பவரைவிட எட்டும் எட்டுமாக இரண்டு போட்டிருப்பவர் இந்த வேலையில் முன்னே போவது இதனால்தான்.

மருமகன் போன் செய்ததும் முதலில் ரேமைப் பார்க்கச் சொன்னேன். 16 ஜிபியும் சரியாகக் காட்டியது. அடுத்து, மென்பொருளில் ஆறு கோரை மூன்றாகக் குறைத்து, கூடவே பிராசசர் வேகத்தையும் சூட்டையும் எழுதி வாங்கச் சொன்னேன். காசில்லாத சோதனை, கால் மணி நேரம் ஆகும்.

என் பெட்டி ஒற்றை ரேமோடு நின்றபோது ஆறு கோரில் 13.1, நான்கில் 13.3, மூன்றில் 14.2. பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியும் வேலை கிட்டத்தட்ட அதே நேரத்தில் முடிகிறது. பிராசசர் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், மூன்று கோரில் 3.9. சூடு எப்போதும் குறைவு. ஆட்கள் சும்மா நின்றிருக்கிறார்கள், சரக்குதான் வந்து சேரவில்லை. இது ரேம் நோய்.

அவன் பெட்டியிலும் மில்லி நொடியை மட்டும் பார்த்தால் அதே மாதிரிதான் தெரியும். ஆறு கோரில் 11.4, மூன்றில் 12.1. நானும் முதலில் ரேம்தான் என்று சொல்லப் போனேன். ஆனால் கூடவே எழுதி அனுப்பிய வேகம் வேறு கதை சொன்னது: ஆறு கோர் ஓடும்போது 2.0 கிகாஹெர்ட்ஸ், சூடு 99. மூன்று கோரை நிறுத்தியதும் வேகம் 3.9-க்குத் தாவியது, சூடு 84-க்கு இறங்கியது. இந்தப் பிராசசர் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு பேரும் மூச்சிரைக்க மெதுவாகச் செய்ததை மூன்று பேர் நிதானமாகச் செய்து முடித்தார்கள். இது சூட்டு நோய். கோரை நிறுத்தினால் வேகம் ஏறுகிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்பதில்தான் இரண்டு நோயும் பிரிகின்றன. மில்லி நொடியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

நோயே இல்லாமல் நோய் போலத் தெரிவதும் உண்டு. ஒரு எண் முடிந்து அடுத்தது வரும்போது அடுக்கு பெரிதாக இருந்தால் எண் வரிசையும் பெரிதாகும், வரிக்கு ஆகும் நேரம் ஏறும். போன வாரத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது. சில மதர்போர்டுகளில் ஓட்டத் தொடங்கிய முதல் அரை நிமிடம் மட்டும் வேகமாக ஓடி அப்புறம் தணியும். பிராசசருக்குக் கொஞ்ச நேரம் கூடுதல் மின்சாரம் எடுக்க அனுமதி உண்டு, அது தீர்ந்ததும் 65 வாட்டுக்கு இறங்கிவிடும். பெரிய சோதனைக்கு முன்னால் சிறு காரணி தேடும் கட்டம் ஒன்று வரும். அது நினைவகத்தை அள்ளி அள்ளி எடுக்கும். அதற்கு அளவுக்கு மீறி ஒதுக்கியிருந்தால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளி, பெட்டி முழுவதும் ஆமையாகிவிடும். மென்பொருளின் அமைப்பில் அந்த அளவைக் குறைத்தால் தீர்ந்தது. வைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட் எல்லாம் டாஸ்க் மேனேஜரில் கையும் களவுமாக மாட்டும். பிரைம்95 எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நிற்கும்படிதான் அமைந்திருக்கிறது, மற்றவர்கள் சாப்பிட்டது போக மிச்சம்தான் அதற்கு.

இனி மருமகனுக்கு முன்னால் இருந்த வழிகள்.

புதுப் பெட்டி வாங்குவது அவன் ஆசை. வயது 23, ஆசைப்படத்தான் செய்வான். புதியது வேகமாக ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வைக்கப் போவது அதே மாடி அறையில். அறைச் சூடு ஒரு டிகிரி ஏறினால் பிராசசர் சூடும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். எந்தப் பிராசசருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றதால் மாற்றியே ஆக வேண்டும் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் தலைமுறை இன்டெல் விண்டோஸ் 11-ஐ ஏற்கும். ஏழாம் தலைமுறைக்காரர்கள் வேண்டுமானால் கவலைப்படலாம்.

கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்றான். 2024 அக்டோபரில் அறியப்பட்ட 52-ஆவது மெர்சென் பகா எண், 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம் கொண்டது, கிராபிக்ஸ் சில்லில்தான் கிடைத்தது. கண்டுபிடித்த லூக் டுராண்ட் என்விடியாவில் வேலை பார்த்தவர். பல நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களின் சில்லுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அந்தச் சில்லும் கேம் ஆடுகிற கார்டும் ஒரே இனமல்ல. இந்தக் கணக்குக்கு வேண்டிய இரட்டைத் துல்லிய (எண்களை அதிக இலக்கத்தோடு வைத்துக் கணக்கிடும்) வேகத்தை இப்போதைய என்விடியா கேம் கார்டுகளில் ஒற்றைத் துல்லியத்தில் 64-இல் ஒரு பங்காக வெட்டிவைத்திருக்கிறார்கள். கேமும் ஆடுவேன் என்றால் வாங்கட்டும். இதற்காக மட்டும் வேண்டாம். வாடகைக்கு எடுப்பதில் எனக்கு ருசி இல்லை. என் வீட்டுப் பெட்டி என் அறையில் ஓடுவதில்தான் இந்தப் பைத்தியத்தின் சுகமே இருக்கிறது.

ஏசி என்றாள் அக்கா. நூறு வாட் எடுக்கிற பெட்டியைக் குளிர்விக்க மணிக்கு ஒரு யூனிட் சாப்பிடுகிற ஏசி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மின் கணக்கையே தனியாகப் பார்க்க வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பெட்டி முழுவதும் 105 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 151 யூனிட். 2025 கட்டணப்படி வீட்டுக்கு இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டை இது ஒன்றே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். அந்தக் கட்டணத்தில் வீட்டின் மொத்தக் கணக்கு 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருந்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போனது. ஈபி கணக்கெடுக்க வருகிறவர் பகா எண்ணைப் பார்ப்பதில்லை.

ஆகவே மிச்சம் இருந்தவை மூன்று: சுத்தம் செய்து பேஸ்ட் (பிராசசர் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றுவது, பிராசசர் எடுக்கும் மின்சாரத்தைக் குறைப்பது, இடத்தை மாற்றுவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அம்பாசமுத்திரம் போனேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் நெல் உமித் தூசி வாசனை அடித்தது. தெருக்கோடியில் அரிசி ஆலை. ஃபேனுக்கும், பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை மாதிரி ஒரு படலம். ஃபேன் முழு வேகத்தில் சுற்றித்தான் இருக்கிறது, காற்றுத்தான் உள்ளே போகவில்லை. ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினோம். ஹீட்சிங்கைக் கழற்றினால் அடியில் பேஸ்ட், கல்லில் காய்ந்த சந்தனம் போலப் பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பயறளவு புதுப் பேஸ்ட் வைத்தோம்.

திரும்ப மாட்டுகிற இடத்தில்தான் கவனம் வேண்டும். இன்டெல் கூடவே கொடுக்கிற ஹீட்சிங்குக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின். எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், நான்கும் ‘டக்’கென்று சொல்ல வேண்டும். மூன்று சொல்லி நான்காவது சொல்லாவிட்டால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். சுத்தம் செய்த பிறகு சூடு முன்னைவிட ஏறுகிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். மருமகன் அழுத்தியதில் ஒன்று பொய்ச் சத்தம். மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று பின்னின் கால் மட்டுமே விரிந்திருந்தது. மறுபடி மாட்டினோம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட்டினோம். அந்த நேரத்தைத் தெரிந்தே எடுத்தேன். எங்கள் ஊரில் வெயில் உச்சி இரண்டு மணி என்றாலும், கான்கிரீட் கூரை குடித்த வெயிலை அறைக்குள் கக்குவது ஆறு மணிக்கு மேல்தான். அவன் பெட்டியும் காலையில் 8, ராத்திரி 11.4 என்று ஏறி இறங்கியது அதனால்தான். காலையில் சுத்தம் செய்து காலையிலேயே அளந்து ‘சரியாகிவிட்டது’ என்று சொன்னால் அது சுத்தத்தால் வந்ததா விடியற்காலைக் குளிரால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டால் அதே மணியில், அதே எண்ணில் ஒப்பிட வேண்டும். அன்று அறை 36 டிகிரி, பிராசசர் 86, வேகம் 3.8, வரிக்கு 7.9.

இடம் மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் இருந்த பெட்டியை முக்காலி மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். தரையில் இருந்தால் பெருக்குகிற தூசி நேராக உள்ளே போகும். கீழ் வீட்டில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அவன் மாடியை விட்டு இறங்க மாட்டான்.

மின்சாரத்தைக் குறைப்பதை நான் என் பெட்டியில் செய்து பார்த்திருந்தேன். பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரை) நீண்டகால மின் வரம்பு என்று ஒன்று இருக்கும். 65-ஐ 45 வாட்டாக மாற்றினேன். பலரும் வேகம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று பயப்படுவார்கள். 7.6 என்பது 8.2 ஆனது, அவ்வளவுதான். கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் பிராசசர் அதிக வோல்டேஜ் எடுக்கிறது. அதோடு இந்த வேலையில் பாதி நேரம் ரேமுக்காகக் காத்திருப்பது. சுவரிலிருந்து எடுப்பது 105-லிருந்து 80 வாட்டுக்கு இறங்கியது, இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் மிச்சம். எல்லா மதர்போர்டிலும் இந்த வரம்பு இருக்காது. இல்லாதவர்கள் கோடை முடியும்வரை நான்கு கோரில் ஓட்டலாம்.

என்னைக் கேட்டால் முதலில் டாஸ்க் மேனேஜரில் ரேம், அடுத்து கோர் சோதனை, சூடு என்று தெரிந்தால் மட்டும் ஸ்க்ரூ டிரைவர். வருடத்துக்கு ஒரு தடவை, பங்குனியில். ஆலைக்குப் பக்கத்து வீடு என்றால் ஆடிக் காற்று அடங்கியதும் இன்னொரு தடவை. புதுப் பெட்டிக்கு இந்த வரிசையில் இடமே வரவில்லை என்பது அவனுக்கு வருத்தம்தான்.

மறு வாரம் போன் வந்தது. “மாமா, 7.9-லயே நிக்கி. ஆனா ராத்திரி ஃபேன் சத்தத்துல அம்மாவுக்குத் தூக்கம் வர மாட்டேங்காம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னா.”

அக்கா சொன்னால் அப்பீல் இல்லை. போனிலேயே பயாஸைத் திறக்கச் சொல்லி 45 வாட் வைக்கச் சொன்னேன். இப்போது அவனுக்கு 8.4 ஓடுகிறது.